பிங்கலரின் பிரஸ்தாரம்

சென்ற ஆண்டு ஓர் இலக்கியக் கூட்டத்தில், வாய் தவறியல்ல, தெரிந்தேதான் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். "இன்று உலகத்தையே ஆட்டி வைக்கிற கம்ப்யூட்டரை இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே நம்முடைய பிங்கல முனிவர் கண்டுபிடித்துவிட்டார்" என்பதே அந்த வாக்கியம். கூட்டத்தில் பலத்த கரகோஷம் எழுந்தது. பேசுகிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மாலையும் கழுத்துமாக வீடு திரும்பினேன்.

வீட்டில் பதினோராம் வகுப்புப் படிக்கிற என் பேத்தி காத்திருந்தாள். கம்ப்யூட்டர் அவளுக்குப் பாடம்.

"தாத்தா, பிங்கலர் எழுதினது பட்டியலா, விதியா?" என்றாள்.

"இரண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"பட்டியலென்றால் எழுதினவர் எங்கே நிறுத்தினாரோ அங்கேயே நின்றுவிடும். விதியென்றால் எத்தனை தூரம் வேண்டுமானாலும் ஓடும். பட்டியலை யார் வேண்டுமானாலும் எழுதலாமே?"

நான் விழித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், பிங்கலருடைய நூலை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எங்கேயோ யாரோ எழுதியதை யாரோ எடுத்துப் போட்டிருந்ததைப் படித்துவிட்டு மேடையேறியிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. மேலே கேட்காமல் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து இரண்டே இரண்டு வரி தட்டினாள். திரையில் 000, 001, 010, 011, 100, 101, 110, 111 என்று எட்டு வரிசைகள் வந்து நின்றன. வரியில் இருந்த 3 என்ற எண்ணை 10 ஆக்கினாள். ஆயிரத்து இருபத்து நான்கு வரிசைகள் மளமளவென்று ஓடின. புரோகிராம் அதே இரண்டு வரிதான். ஓர் எழுத்து கூடியதோடு சரி.

மறுநாளே சமஸ்கிருதம் நன்றாக அறிந்த நண்பர் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே பிங்கலரின் சந்தஸ் சாஸ்திரத்தை எடுத்து, அதன் எட்டாவது அத்தியாயத்தைப் பிரித்தார். அப்புறம் ஒரு மாதம், வாரம் இரண்டு மாலை, அந்த ஒரு அத்தியாயத்தோடு மல்லுக்கட்டினோம்.

பிங்கலர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டையோ இரண்டாம் நூற்றாண்டையோ சேர்ந்தவர் என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். பாணினிக்குத் தம்பி என்பது கர்ண பரம்பரை. அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றிக் கவலையில்லை. செய்யுளைப் பற்றித்தான் கவலை. சமஸ்கிருதச் செய்யுளில் ஓர் அசை ஒன்று லகுவாக இருக்கும், இல்லாவிட்டால் குருவாக இருக்கும். லகு ஒரு மாத்திரை, குரு இரண்டு. மூன்றாவதாக ஒன்று கிடையாது. அப்படியானால் மூன்று அசை கொண்ட அடி எத்தனை விதமாக அமையலாம்? எட்டு விதம். இந்த எட்டுக்கும் ய, ம, த, ர, ஜ, ப, ந, ஸ என்று ஒவ்வோர் எழுத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

இதுவரை பட்டியல்தான். என் பேத்தி கேட்டது இதற்கு அப்பால் இருந்தது. அங்கேதான் பிரஸ்தாரம் வருகிறது. பிரஸ்தாரம் என்றால் பரப்பி வைத்தல். பிங்கலர் சொல்வது இது: குரு, லகு இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுது. பிறகு அவற்றை மறுபடியும் குருவோடும் லகுவோடும் கலந்துகொள். மூன்று அசைக்கும் அப்படியே. இதற்கு அவர் செலவழித்திருக்கும் சொற்களைக் கை விரல்களில் எண்ணிவிடலாம்.

பின்னால் வந்த கேதாரபட்டர் விருத்தரத்னாகரத்தில் இதையே வேறு விதமாகச் சொன்னார். முதல் வரிசை முழுவதும் குரு. அடுத்த வரிசைக்கு, மேல் வரிசையில் முதலாவதாக வரும் குருவின் கீழே லகுவைப் போடு. அதற்கு வலப்புறம் மேலே இருப்பதை அப்படியே இறக்கு. இடப்புறம் முழுவதையும் குருவால் நிரப்பு. எல்லாம் லகுவாகும்போது நிறுத்து. அவ்வளவே. காகிதத்தில் நான் போட்டுப் பார்த்தேன். குரு குரு குரு, லகு குரு குரு, குரு லகு குரு, லகு லகு குரு, குரு குரு லகு, லகு குரு லகு, குரு லகு லகு, லகு லகு லகு என்று எட்டும் வரிசை பிசகாமல் வந்தன. குருவுக்குப் பூஜ்யமும் லகுவுக்கு ஒன்றும் வைத்து வலமிருந்து இடமாகப் படித்தால், முதல் நாள் இரவு திரையில் ஓடிய அதே வரிசை! காகிதத்தைப் பேத்தியிடம் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது விதிதான் தாத்தா" என்றாள். கூட்டத்துக் கரகோஷத்தை விட அது எனக்குப் பெரிதாயிருந்தது.

ஆனால் என்னை உண்மையில் அசத்தியது பிரஸ்தாரம் அல்ல. அதற்கு அடுத்து வருகிற நஷ்டம். இங்கே நஷ்டம் என்றால் காணாமற்போனது. பட்டியலில் ஆறாவது வரிசை அழிந்துவிட்டது, பட்டியலை மறுபடி எழுதாமல் அந்த ஒன்றை மட்டும் மீட்க வேண்டும், எப்படி? எண் இரட்டைப்படையாக இருந்தால் பாதியாக்கி லகு எழுது. ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று கூட்டிப் பாதியாக்கி குரு எழுது. ஆறு இரட்டை: லகு, மிச்சம் மூன்று. மூன்று ஒற்றை: ஒன்று கூட்டி நான்கு, பாதி இரண்டு, குரு. இரண்டு இரட்டை: லகு. ஆக, லகு குரு லகு. மேலே எண்ணிப் பாருங்கள், ஆறாவது அதுதான். ஓர் எண்ணை இரண்டிரண்டாக வகுத்துப் பூஜ்யமும் ஒன்றுமாக மாற்றுவதற்குப் பள்ளிக்கூடத்தில் இன்று சொல்லிக் கொடுக்கிற முறைக்கு இது சொந்தச் சகோதரன். வரிசைகளை ஒன்றிலிருந்து எண்ணுவதால் பிங்கலர் ஒன்று கூட்டுகிறார், அவ்வளவுதான் வேறுபாடு.

இது ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் காயத்ரியை எடுத்துக்கொள்ளலாம். காயத்ரிக்கு 24 அசைகள். ஒவ்வொன்றும் குருவாகவோ லகுவாகவோ இருக்கலாமென்றால் மொத்த வகைகள் 1,67,77,216. விநாடிக்கு ஒரு வரிசை வீதம் ஊணுறக்கமில்லாமல் எழுதினாலும் 194 நாட்கள் ஆகும். எழுதுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் நம் ஆசாரியர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். ஒரு வரிசைக்கு ஒரு விரற்கடை, நடுவே விடும் இடத்துக்கு ஒரு விரற்கடை என்று கேதாரபட்டர் கணக்குச் சொல்லியிருக்கிறார். அதன்படி ஓலையை நீட்டினால் 600 கிலோமீட்டருக்கு மேல் போகும். சென்னையில் ஆரம்பித்துத் திருநெல்வேலிப் பக்கம் போய் முடிக்க வேண்டியதுதான்! ஓலைக்கும் எழுத்தாணிக்கும் கட்டுப்படாத காரியம் என்று தெரிந்ததால்தான் விதியைத் தேடியிருக்கிறார்கள்.

அந்த ஒரு கோடியே சொச்சத்தை எப்படிக் கணக்கிட்டார் பிங்கலர்? இரண்டை 24 தடவை பெருக்கவில்லை. 24-ஐப் பாதியாக்கி 2 என்று குறித்துக்கொள்; 12-ஐப் பாதியாக்கி 2; 6-ஐப் பாதியாக்கி 2; மூன்று ஒற்றை, ஒன்று கழித்து சூன்யம் என்று குறி; இரண்டைப் பாதியாக்கி 2; ஒன்றில் ஒன்று கழித்து சூன்யம். இப்போது ஒன்றில் ஆரம்பித்துக் கீழிருந்து திரும்பி வா. சூன்யம் வந்தால் இரட்டி, 2 வந்தால் அதே எண்ணால் பெருக்கு. 2, 4, 8, 64, 4096, பிறகு விடை. ஆறே படிகள். இணையத்தில் நம் ரகசியங்களைப் பூட்டி வைக்கிற கணக்குகளில் இன்றைக்கும் இந்த உபாயம் பயன்படுகிறது என்று பேத்தி சொன்னாள்.

சூத்திரகாரர்களுக்கு அரை மாத்திரை மிச்சமானால் பிள்ளை பிறந்த சந்தோஷம் என்று கேலியாகச் சொல்வதுண்டு. புரோகிராம் எழுதுகிறவர்களிடையிலும் யார் குறைந்த எழுத்தில் முடிப்பது என்று போட்டி உண்டாம். இந்த ஜாதிக்காரர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். கணங்களின் பெயர்களை ஞாபகம் வைக்க யாரோ ஒருவர் பத்தே எழுத்தில் ஒரு சொல் கட்டினார்: யமாதாராஜபானஸலகாம். பொருள் கிடையாது. ஆனால் எந்த எழுத்தில் தொடங்கி மூன்று எழுத்து எடுத்தாலும் அந்தப் பெயருக்குரிய கணம் வந்துவிடும். யமாதா என்றால் லகு குரு குரு, அதுவே ய-கணம். எட்டுக் கணங்களும் ஒரே சொல்லில், ஒன்றுகூட இரண்டு தடவை வராமல்! இத்தகைய சங்கிலிகளை இன்றைய கணிதத்தில் டி புரூயின் வரிசை என்கிறார்கள். டச்சுக் கணித மேதை டி புரூயின் 1946-இல் அவற்றைப் பற்றி எழுதினார்.

சரி, என் மேடை வாக்கியம் என்ன ஆயிற்று? அது நிற்கவில்லை. பிங்கலர் குருவையும் லகுவையும் எண்களாகக் கூட்டவில்லை, பெருக்கவில்லை. அவர் எண்ணியது செய்யுளை. பூஜ்யத்தையும் ஒன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு கூட்டலும் பெருக்கலும் செய்து காட்டி, 1703-ஆம் ஆண்டில் பாரிஸ் அகாதமிக்குக் கட்டுரை எழுதியவர் ஜெர்மானியரான லைப்னிட்ஸ். வேடிக்கை என்னவென்றால், அந்த மகா மேதையும் நான் செய்த தப்பையே செய்தார். பீகிங்கிலிருந்த பூவே என்ற பாதிரியார் சீனர்களின் 64 கோட்டுருவங்களை அவருக்கு அனுப்பி வைத்தார். பார்த்ததும் லைப்னிட்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஆதி காலத்துச் சீனச் சக்கரவர்த்தி பூசீ இந்தக் கணக்கை அறிந்திருந்தார், பிற்காலச் சீனர்கள் மறந்துவிட்டார்கள் என்று எழுதிவிட்டார். அவர் பார்த்த அந்த ஒழுங்கு பதினோராம் நூற்றாண்டில் ஷாவோ யுங் என்ற அறிஞரோடு சேர்ந்தது. நான் என் முன்னோருக்காக அளந்தேன். அவர் பிறத்தியாருடைய முன்னோருக்காக அளந்தார். அந்த மட்டில் அவர் என்னைவிடப் பெருந்தன்மையுள்ளவர்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஃபிராங்க் கிரே என்பவர் 1953-இல் ஒரு காப்புரிமை பெற்றார். சாதாரண வரிசையில் 011-க்கு அடுத்து 100 வரும்போது மூன்று இடங்களும் ஒரே சமயத்தில் மாற வேண்டும். ஓர் இடம் கணநேரம் பிந்தினாலும் இயந்திரம் தப்பான எண்ணைப் படித்துவிடும். ஆகவே ஒரு தடவைக்கு ஓரிடம் மட்டுமே மாறும்படி வரிசையை அமைத்தார்: 00, 01, 11, 10. விதி ஒரு வரி: இருக்கிற பட்டியலைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலைகீழாகக் கீழே எழுது, மேல் பாதிக்கு முன்னால் பூஜ்யமும் கீழ்ப் பாதிக்கு முன்னால் ஒன்றும் சேர்.

பேத்தி இதைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ் யாப்பிலும் அசை இரண்டுதானே, நேரும் நிரையும்? ஈரசைச் சீர் நான்கையும் பள்ளிக்கூடத்தில் என்ன வரிசையில் ஒப்பித்தோம்? தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். நேர் நேர், நிரை நேர், நிரை நிரை, நேர் நிரை. ஒவ்வொரு படியிலும் ஓர் அசைதான் மாறுகிறது! கூவிளத்திலிருந்து தேமாவுக்குத் திரும்பினாலும் ஓர் அசைதான். நேருக்குப் பூஜ்யமும் நிரைக்கு ஒன்றும் போட்டால் சாட்சாத் கிரேயின் சக்கரம். அடுத்த கூட்டத்துக்கான குறிப்புப் புத்தகத்தில் உடனே எழுதிக்கொண்டேன்: 'கிரேக்கு முன்பே தமிழன்!'

"மூவசைச் சீரையும் சொல்லுங்கள் தாத்தா" என்றாள்.

சொன்னேன். தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய், தேமாங்கனி... அவள் தட்டிக்கொண்டே வந்தவள் ஐந்தாவதில் நிறுத்தினாள். கூவிளங்காய், நேர் நிரை நேர். தேமாங்கனி, நேர் நேர் நிரை. இரண்டு அசைகள் மாறிவிட்டன. கிரேயின் விதிப்படி காய் நான்கு முடிந்ததும் கனியைக் கூவிளங்கனியிலிருந்து தலைகீழாகத் தொடங்கியிருக்க வேண்டும். நம் யாப்பில் காயை ஒப்பித்த அதே வரிசையில் கனியையும் ஒப்பிக்கிறோம். மனப்பாடம் பண்ணுகிற பிள்ளைக்கு அதுதானே சுலபம்?

பேத்தி ஒன்றும் சொல்லாமல் பேனாவை எடுத்து நீட்டினாள். குறிப்புப் புத்தகத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் "நான்கு வரை சரி" என்று எழுதி வைத்தேன்.