மலாக்காவின் ஷாபந்தர்கள்



சபுராளி என்றவுடன் அக்கரைச் சீமையில் கடை வைத்தவரும், அக்கடையில் கைப்பிள்ளையாய் நின்றவருமே நம் நினைவுக்கு வருகின்றனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் சோழமண்டலக் கரையிலிருந்து சென்றோருள் சிலர் வேறொரு பணியையும் ஆற்றினர். அந்நிய நாட்டு மன்னருக்கும், அங்கு வந்திறங்கும் அந்நிய வணிகருக்கும் நடுவே நின்று, இரு சாராரின் சொல்லுக்கும் பொறுப்பேற்பதே அப்பணி. மலாக்கா துறைமுகத்தில் இதற்கென ஒரு பதவியே இருந்தது. அதன் பெயர் ஷாபந்தர்.

ஷாஹ் என்றால் அரசர். பந்தர் என்றால் துறைமுகம். இரண்டும் பார்சிச் சொற்கள். (நம் பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்ற பெயர் வழங்கியதை முதியவர்கள் அறிவர்.) 1512 முதல் 1515 வரை மலாக்காவில் தங்கியிருந்த தோமே பிரெஸ் என்னும் போர்ச்சுகீசியர், சுல்தான்களின் காலத்தில் அங்கு நான்கு ஷாபந்தர்கள் இருந்ததாக எழுதியுள்ளார். குஜராத்தியருக்கு ஒருவர், தென்னிந்தியர், வங்காளத்தார், பெகு நாட்டார், பாசே நாட்டார் ஆகியோருக்கு ஒருவர், ஜாவா முதலிய கீழைத்தீவினருக்கு ஒருவர், சீனர், சம்பா நாட்டார் போன்றோருக்கு ஒருவர். அந்தந்த நாட்டிலிருந்து வந்து குடியேறியவரே அந்தந்த நாட்டாருக்கு ஷாபந்தராய் அமைந்தார்.

இத்தகையோர் ஏன் தேவைப்பட்டனர்? பாய்மரக் கப்பல் ஒரு பருவக்காற்றில் வந்து மறு பருவக்காற்றில் திரும்ப வேண்டும். காற்று மாறுவதற்குள் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கொண்டுவந்த துணிகளை விற்றாக வேண்டும்; கிராம்பு, ஜாதிக்காய், சந்தனம், ஈயம், கற்பூரம் ஆகியவற்றை ஏற்றியாக வேண்டும். நாகுதாவுக்கு அவ்வூர் மொழி தெரியாது. யார் நாணயமானவர் என்பதும் தெரியாது. ஷாபந்தரே அவரை வரவேற்று, பண்டஹாரா என்னும் முதலமைச்சரிடம் அழைத்துச் செல்வார். சரக்கை வைக்கக் கிடங்கும், தங்க இடமும், சுமை கொண்டு செல்ல யானையும் ஏற்பாடு செய்வார். மேற்றிசைக் கப்பல்களுக்கு வரி நூற்றுக்கு ஆறு. கீழைத் திசையிலிருந்து வருவோருக்கு வரியில்லை. அன்பளிப்பு மட்டும் உண்டு. பின்னர் பத்து அல்லது இருபது வணிகர்கள் கப்பல் உரிமையாளருடன் கூடியமர்ந்து, சரக்கு முழுவதற்கும் விலை பேசி முடித்து, தத்தம் பங்குக்கேற்பப் பிரித்துக்கொள்வர். ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தனியே பேரம் பேசிக் காற்றைத் தவறவிடும் அவலம் இல்லை.

மார்க்கச் சட்ட நூல்களில் தரகருக்கு ஸிம்ஸார் என்று பெயர். அவர்தம் கூலி ஆகுமானதே. அது முன்னரே தெளிவாய்ப் பேசப்பட்டிருக்க வேண்டும் என்றே ஃபுகஹாக்கள் பெரிதும் வலியுறுத்துவர். மலாக்காவிலோ ஆறு சதவீத வரிக்கு மேலும் சுல்தானுக்கும், பண்டஹாராவுக்கும், தெமெங்கோங்குக்கும், ஷாபந்தருக்கும் வெகுமதி செலுத்தும் வழக்கம் இருந்தது. இவ்வழக்கத்தில் அன்பளிப்பு எங்கே முடிகிறது, கையூட்டு எங்கே தொடங்குகிறது? என் சிற்றறிவுக்கு எட்டியவரை, அத்துறைமுகத்தின் நோய் இங்கேதான் இருந்தது.

செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று ஏடு கூறும் நிகழ்ச்சி இது. சுல்தான் மஹ்மூது ஷாவின் பண்டஹாராவாக இருந்த துன் முத்தாஹிர், தமிழ் முஸ்லிம் வழித்தோன்றல். ஷாபந்தராயிருந்த ராஜா மெண்டெலியார் பெருஞ்செல்வர். முதலியார் என்னும் நம் சொல்லே அவ்வாறு திரிந்தது போலும். வணிகர் தலைவராயிருந்த நைனா சூரா தேவானாவுக்கும் அவருக்கும் ஒரு வழக்கு மூண்டது. இருவரும் பண்டஹாராவின் முன் வந்தனர். பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அவர் அனுப்பிவைத்தார். அன்றிரவே நைனா சூரா தேவானா பொன்னோடு பண்டஹாராவின் இல்லம் சென்றார். பண்டஹாரா அதைப் பெற்றுக்கொண்டார். கிதுல் என்னும் உறவினன் ஒருவன் இதையறிந்தான். அவன் ராஜா மெண்டெலியாருக்குக் கடன்பட்டவன். கடனைத் தள்ளிவிடுமாறு கேட்டு, செய்தியைச் சொன்னதோடு, உங்கள் உயிரைப் போக்கவே அப்பொன் கைமாறியது என்றும் சேர்த்துச் சொன்னான். அஞ்சிய ராஜா மெண்டெலியார் கடற்படைத் தலைவர் கோஜா ஹஸனிடம் பொருளைக் கொட்டி, பண்டஹாரா அரியணையைப் பறிக்கச் சதி செய்வதாகக் கூறினார். ஏற்கெனவே பண்டஹாராவின் மகள் திருமண விஷயத்தில் மனக்கசப்புக் கொண்டிருந்த சுல்தான் விசாரணையின்றியே ஆணையிட்டார். 1510இல் துன் முத்தாஹிர் குடும்பத்து ஆண்களுடன் கொல்லப்பட்டார். பொய் என்று பின்னர் தெரியவந்தபோது ராஜா மெண்டெலியாரும் கிதுலும் கொல்லப்பட்டனர். ஓரிரவு கைமாறிய பொன், கொடுத்தவர் தரப்புக்கும் உதவவில்லை, வாங்கியவரையும் காக்கவில்லை.

அடுத்த ஆண்டே, 1511 ஆகஸ்டில், அல்புகெர்க்கின் கப்பற்படை மலாக்காவைக் கைப்பற்றியது. திறமைமிக்க அமைச்சரைத் தன் கையாலேயே இழந்திருந்தது அவ்வரசு. 1509இல் முதன்முதலாக வந்த போர்ச்சுகீசியருள் ஏறத்தாழ இருபது பேர் அங்குச் சிறைப்பட்டிருந்தனர். அவர்களுக்கு உதவியவர் நீனா சாத்து என்று போர்ச்சுகீசிய ஏடுகள் குறிக்கும் தென்னிந்திய இந்து வணிகர். வென்றவர்கள் அவரையே பண்டஹாரா ஆக்கினர். எனினும் 1514இல் அப்பதவியைப் பறித்துக் கம்பார் சுல்தானுக்கு அளித்தபோது, அவமானம் தாளாது அவர் தீப்புகுந்து மாண்டார். எசமானரை மாற்றிக்கொண்டவருக்கும் அந்த இடைநிலை நிரந்தரமாகவில்லை. முஸ்லிம் வணிகரில் பலர் தம் வாணிபத்தை பாசேக்கும் அச்சேக்கும் மாற்றிக்கொண்டனர்.

பிற்காலத்தில் 1786இல் ஆங்கிலேயர் பினாங்கைப் பெற்றபின், அங்கு நம்மவருக்குக் கப்பித்தான் என்ற தலைமைப் பதவி ஏற்பட்டது. அதனை வகித்த காதிர் முஹைதீன், தம் மக்களின் சார்பில் கம்பெனியாரிடம் பேசும் பொறுப்பில் இருந்தவர். கம்பெனி அளித்த நிலத்தில் 1801இல் எழுந்ததே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். கெலிங் என்ற சொல்லை மலேசியாவில் இன்று நம்மவர் இழிவாகக் கருதுகின்றனர். அன்று அது தென்னிந்தியரைக் குறிக்கும் பெயராக மட்டுமே இருந்தது. அவர் 1834இல் மறைந்தார். அப்பள்ளிவாசலின் பெயரே இன்று அத்தெருவுக்கும் வழங்குகிறது.