விஜயதசமிக்கு பரதநாட்டிய கிளாஸ்ல சேரப் போறீங்களா? சலங்கை வாங்கும் முன் முட்டியைக் கவனிங்க!

விஜயதசமி வந்தாலே தமிழ்நாட்டில் நாட்டிய வகுப்புகள் களைகட்டிவிடும். புதுசா சேரும் குழந்தைகள் ஒரு பக்கம். பரீட்சை, காய்ச்சல், வீடு மாற்றம் என்று பல மாதம் விட்டுவிட்டு மறுபடி வருபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புமே முதலில் போவது கடைக்குத்தான். ஆனால் பாதியில் கிளாஸை விடும் மாணவர்கள் சலங்கை இல்லாததால் விடுவதில்லை. கால் வலியும், எதிர்பார்க்காத செலவும்தான் பலரை நிறுத்துகின்றன.

முதல் நாள் என்ன கொண்டு போகணும்?

ரொம்ப கொஞ்சம்தான். வெற்றிலை பாக்கு, பழம், பூ, தட்சிணை வைத்துத் தட்டு கொடுக்கும் வழக்கம் பல வகுப்புகளில் உண்டு. சில இடங்களில் அதெல்லாம் வேண்டாம் என்பார்கள். முந்தின நாளே டீச்சரிடம் கேட்டுவிடுவது நல்லது.

உடைக்கு, தொடக்கத்தில் பருத்தி சுடிதார் போதும். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். பேன்ட் பாதத்தில் புரளக் கூடாது. கணுக்காலுக்கு மேல் நிற்கும் பயிற்சிப் புடவை எப்போது வேண்டும் என்று டீச்சரே சொல்வார். மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் நாட்டியப் பொருள் விற்கும் கடைகள் இருக்கின்றன; ஆனால் அவசரப்பட்டு ஓட வேண்டியதில்லை.

கொலுசைக் கழற்றிவிடுங்கள். காலைத் தட்டி ஆடும்போது அதன் திருகு இன்னொரு காலைக் கீறும். கால் நகம் வெட்டியிருக்கணும், தலைமுடி இறுக்கிப் பின்னியிருக்கணும். வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது விட்டு ஆடுங்கள். வெறும் வயிற்றில் போவதும் தப்பு.

சலங்கை இப்பவே வேணுமா?

வேண்டாம். அடவுகள் ஓரளவு கைவந்த பிறகு சலங்கை பூஜை நடத்தி, அன்றுதான் முதன்முறையாகக் கட்டிவிடுவது பல வகுப்புகளில் வழக்கம். அதற்கு ஒரு வருஷமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். எத்தனை வரிசை மணி, தோலா கயிறா என்பது டீச்சரைப் பொறுத்தது. பழகாத காலில் அந்தக் கனம் கூடுதல் சுமை. குழந்தை கேட்டு அழுதாலும் தள்ளிப்போடுங்கள்.

ஏற்கெனவே சலங்கை வைத்திருப்பவர்கள் கட்டுவதற்கு முன் தையலைச் சோதியுங்கள். மணி ஒன்று கழன்று தரையில் விழுந்தால், அதன் மேல் மிதிக்கப்போவது உங்கள் வெறுங்கால்தான்.

அரைமண்டியில் எங்கே தப்பு நடக்குது?

பரதத்தின் அடிப்படை நிலை அரைமண்டி. பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முட்டியை வெளிப்பக்கமாக மடக்கி, முதுகு நிமிர்ந்து பாதி உட்கார்ந்த மாதிரி நிற்கணும். முதலில் கற்றுத்தரும் தட்டடவே இந்த நிலையில்தான் வரும். மூன்று காலங்களிலும், அதாவது முதலில் நிதானமாக, அப்புறம் இரட்டிப்பு, அதற்கும் இரட்டிப்பு வேகத்தில் ஆட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். காலின் திருப்பம் இடுப்பிலிருந்து வரணும். பல பேர் பாதத்தை மட்டும் இழுத்துத் திருப்பி நிற்பார்கள். பாதம் வெளியே பார்க்கும், முட்டி உள்ளே சரியும். அந்த முறுக்கு முழுக்க முட்டி மூட்டில் இறங்கும். கண்ணாடி முன் நின்று பாருங்கள்: முட்டி எந்தத் திசையைப் பார்க்கிறதோ, கால் விரல்களும் அதே திசையைப் பார்க்கணும். அதற்கு மேல் பாதத்தைத் திருப்ப வேண்டாம். 'இன்னும் உட்காரு, இன்னும் உட்காரு' என்று வீட்டில் பெரியவர்கள் தோளை அழுத்துவதும் வேண்டாம்.

கிளாஸ் தொடங்க இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் கொஞ்ச நேரம் நடை, இடுப்பு, கெண்டைக்காலுக்கு நீட்டல் பயிற்சி, அரை நிமிடம் அரைமண்டி, ஓய்வு, மறுபடி அரை நிமிடம் என்று பழகினால் முதல் வாரத்து வலி குறையும்.

தரையையும் பாருங்க

வெறுங்காலால் ஓங்கித் தட்டும் கலை இது. மரத்தரை அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சிமென்ட், கிரானைட், டைல்ஸ் வாங்காது. அத்தனையும் காலுக்கே திரும்பும். நம் ஊர் ஹால்களும் மொட்டை மாடிகளும் பெரும்பாலும் இப்படித்தான். வீட்டில் பழகும்போது முழு பலத்தோடு தட்டாமல், சொல்லுக்கட்டை வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, காலை மெதுவாக வைத்துப் பழகலாம். கீழ்வீட்டுக்காரரும் சண்டைக்கு வர மாட்டார்!

தொடை, கெண்டைக்காலில் இரண்டு, மூன்று நாள் வலி இருப்பது இயல்பு. முட்டி வீங்கினாலோ, கீழ்க்கால் எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலித்தாலோ, இரவு படுத்த பிறகும் வலி நீடித்தாலோ ஆட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். 'ஆட ஆடச் சரியாயிடும்' என்ற பேச்சு இந்த இடத்தில் செல்லாது.

ரொம்ப நாள் கழித்துத் திரும்பி வர்றீங்களா?

மனசுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், காலுக்கு இருக்காது. விட்ட இடமான வர்ணத்திலிருந்தே தொடங்க ஆசை வரும். வர்ணம்தான் மார்க்கத்தில் மிக நீளமான உருப்படி, அதிகம் களைக்க வைப்பதும் அதுதான். முதல் இரண்டு வாரம் அடவுகளுக்குத் திரும்புங்கள், அப்புறம் அலாரிப்பு. பழைய வகுப்பின் ஆடியோ பதிவு போனில் இருந்தால், பஸ்ஸில் போகும்போதே கேட்டு ஜதியைச் சொல்லிப் பாருங்கள்.

டீச்சர் மாறினால் இன்னொரு விஷயம். பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்ரா என்று பாணிகள் உண்டு. 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர்தான். ஆனாலும் இரண்டு பாணிகளும் இன்று ஒன்றல்ல. அடவின் பெயர், கை நீட்டும் விதம், உடம்பைச் சாய்க்கும் அளவு எல்லாம் மாறும். நான்கு வருஷம் ஆடியவரை புது டீச்சர் தட்டடவில் நிறுத்தினால் அது அவமானமில்லை. எந்தப் பாணியில் படித்தோம் என்பதைச் சேரும்போதே சொல்லிவிட்டால் மனக்கசப்பு மிச்சம்.

ஃபீஸ் கட்ட முடியலையா?

ஐந்து முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் விடுமுறை நாட்களில் பரதநாட்டியம் உள்ளிட்ட கலைகள் சொல்லித்தரப்படுகின்றன. 12 வயதுக்கு மேல் என்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பரதம் மூன்று ஆண்டுப் படிப்பு. சென்னை, மதுரை, கோவை, திருவையாறில் அரசு இசைக் கல்லூரிகளும் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: இசைப்பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சேர்க்கை கல்வியாண்டுக் கணக்கில், கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும். விஜயதசமி வரை காத்திருந்தால் அந்த ஆண்டு கைவிட்டுப் போகும்.

தனியார் வகுப்பில் சேர்பவர்கள் மாதக் கட்டணத்தோடு நிறுத்தாமல், சலங்கை பூஜைக்கும் ஆண்டு விழா உடைக்கும் எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே கேளுங்கள். அரங்கேற்றம் கட்டாயமா என்பதையும் கேளுங்கள். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் என நேரடி இசைக் குழு, மண்டபம், உடை, நகை, மேக்கப் என்று அதன் கணக்கே தனி. கேட்கச் சங்கடமாக இருந்தால், அதே வகுப்பில் ஏற்கெனவே படிக்கும் குழந்தையின் அம்மாவிடம் வாசலில் பேசிப் பாருங்கள். செலவுக் கணக்கு அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரிந்திருக்கும்.