விண்கலத்தில் ஒரு கையெழுத்து

பிரிவு உபசார நாளன்று ஆட்டோகிராஃப் நோட்டும் கையுமாக வகுப்பு வகுப்பாக அலைந்ததை நம்மில் யார் மறந்திருப்போம்? "மறந்துடாதேடா" என்று ஒரு வரி, கீழே கையெழுத்து, தேதி. அவ்வளவுதான். ஆனால் அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட மனசு வருகிறதா? சந்திரனுக்குப் போய் வந்தவர்களும் இதையேதான் செய்தார்கள் நண்பர்களே!

1969 ஜூலை 24-ம் தேதி அப்பல்லோ 11 பசிபிக் கடலில் இறங்கியது. மீட்கப் போன ஹார்னெட் கப்பலில் மூன்று வீரர்களையும் தனி அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். அப்போது மைக்கேல் காலின்ஸ் மறுபடியும் கலத்துக்குள் புகுந்து, இதுவரை வந்ததிலேயே இதுதான் சிறந்த கலம், கடவுள் இதை ஆசீர்வதிக்கட்டும் என்ற பொருளில் உட்சுவரில் எழுதிக் கையெழுத்திட்டார். அந்தக் 'கொலம்பியா' கலம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து.

முழுக் கலத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. குறிப்பேடுகள், சின்னக் கொடிகள், கழற்றிய உதிரி பாகங்கள் ஆகியவற்றை வீரர்கள் ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் சிலர் அவற்றின் மேல் 'இது சந்திரனுக்குப் போய் வந்தது' என்று எழிதிக் கையெழுத்திட்டு விற்றார்கள். சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது வெறும் தகடுக்கோ தாளுக்கோ அல்ல; கூடப் போனவரே சொல்லும் சாட்சிக்குத்தான்.

அப்பல்லோ 13 குறிப்பேட்டின் கதையைப் பாருங்கள். 1970 ஏப்ரல் 13-ம் தேதி, பூமியிலிருந்து ஏறத்தாழ 3.2 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. மூவரும் சந்திரனில் இறங்க வேண்டிய சிறு கலத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அந்தக் கலம் எந்தத் திசையில் நிற்கிறது என்று அதன் கணினிக்குச் சொல்லியாக வேண்டும். தலைவர் ஜேம்ஸ் லவல் கூட்டல் கழித்தலைக் குறிப்பேட்டிலேயே போட்டார். போட்டது சரிதானா என்று ஹூஸ்டனையும் பார்க்கச் சொன்னார். நம்ம கணக்கு வாத்தியார் கேட்டால் சந்தோஷப்படுவார்!

2011 நவம்பரில் அந்தக் குறிப்பேடு 3,88,375 டாலருக்கு ஏலம் போனது. உடனே, "இது உங்களுக்கே சொந்தமா?" என்று நாசா கேள்வி எழுப்ப, விற்பனை நின்றது. தூக்கி எறியப்பட இருந்த பொருள்களைத்தான் மேலதிகாரிகளின் சம்மதத்தோடு எடுத்துக்கொண்டோம் என்பது வீரர்கள் வாதம். அந்தக் காலத்தில் அதை யார் எழுதி வைத்தார்கள்? கடைசியில் 2012 செப்டம்பரில் ஒரு சட்டமே வந்தது. மெர்குரி முதல் 1975-ன் அப்பல்லோ–சோயுஸ் வரை பறந்தவர்கள் வைத்திருந்த பொருள்கள் அவர்களுக்கே சொந்தம். சந்திரப் பாறைக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது.

குறிப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. சந்திரனில் ஆம்ஸ்ட்ராங் முதன்முதலில் அள்ளிய மண்ணைக் கொண்டுவந்த பை, பட்டியலில் நேர்ந்த குளறுபடியால் அடையாளம் தெரியாமல் போய், 2015-ல் அரசு ஏலத்தில் வெறும் 995 டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கிய பெண்மணி அதைச் சோதனைக்கு அனுப்பியபோதுதான் உண்மை தெரிந்தது. நாசா திருப்பித் தர மறுத்தது. வழக்கில் அவர் ஜெயித்தார். 2017-ல் அதே பை 18 லட்சம் டாலருக்குப் போனது.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பரணில் கிடக்கும் அந்த குரூப் போட்டோவை இறக்குங்கள். மூன்றாவது வரிசையில் நிற்பவர் யார் என்று சொல்ல இன்றைக்கு நாம் இருக்கிறோம். பின்பக்கம் பெயர்களையும் வருஷத்தையும் எழுதி, கீழே ஒரு கையெழுத்துப் போட்டு வையுங்கள். நாளைக்கு வரும் மாணவருக்கு அதுதான் சரித்திரம்.