மேகாங் படகில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி: 'காதலன்' படத்தை வரலாறாக வாசித்தல்

'காதலன்' என்றதும் 1994இல் வந்த ஷங்கர் படம்தான் நமக்கு ஞாபகம் வரும். நான் சொல்வது அதற்கு இரண்டு வருஷம் முந்தி ழான்-ழாக் அன்னோ எடுத்த படம். மார்கெரித் த்யூரா 1984இல் எழுதி கோன்கூர் பரிசு பெற்ற நாவல்தான் மூலம். 1929, சைகோன். நாவலில் பதினைந்தரை வயதுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண், சாதெக்கிலிருந்து பள்ளி விடுதிக்குத் திரும்புகிறாள். ஆண்கள் வைக்கும் தொப்பியோடு மேகாங் படகில் நிற்கிறாள். கறுப்புக் காரிலிருந்து பணக்காரச் சீனன் ஒருவன் இறங்கி வந்து சிகரெட் நீட்டுகிறான், கை நடுங்குகிறது. அப்புறம் சோலன், மூடிய ஜன்னல்கள், ஓர் அறை.

படம் பார்த்த தோழர் ஒருத்தர் கேட்டார்: "இதுல அரசியல் எங்கய்யா இருக்கு? வெறும் படுக்கையறைதானே?"

அந்த அறைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம். முதலில் அவளுடைய அம்மா. கணவனை இழந்த பள்ளி ஆசிரியை. சேமிப்பையெல்லாம் போட்டு கம்போடியக் கடலோரத்தில் நிலம் வாங்கியவள். வருஷா வருஷம் உப்புத் தண்ணீர் ஏறிப் பயிரை அழித்தது. லஞ்சம் கொடுக்கத் தெரியாதவள் தலையில் அதிகாரிகள் கட்டிய நிலம் அது. இதைத்தான் 1950இல் த்யூரா தனி நாவலாக எழுதினார். அடுத்து அண்ணன்கள். சீனன் காசில் வயிறாரச் சாப்பிடுவார்கள், அவனோடு ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். கஞ்சிக்கு வழியில்லாவிட்டாலும் வெள்ளைத்தோல் வெள்ளைத்தோல்தான். கடைசியாக அவன் அப்பா. வெள்ளைக்காரி மருமகளாக வருவதைவிட மகன் செத்துப்போவதே மேல் என்று நினைப்பவர். இத்தனை பேர் நெருக்கியடிக்கும் இடத்தில் 'அந்தரங்கம்' எது? சிறுமிக்கும் வளர்ந்த ஆணுக்கும் நடுவில் கைமாறும் பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? நாவல் இந்தக் கேள்வியைத் திறந்து வைக்கிறது. படம் அழகான வெளிச்சம் போட்டு அதை மூடிவிடுகிறது.

ஜன்னலுக்கு வெளியே நடந்தது இன்னொரு வரலாறு. ரப்பர் தோட்டங்களுக்குக் கூலி பிடித்துக்கொடுத்த பாஸேன் 1929 பிப்ரவரியில் ஹனோயில் கொல்லப்பட்டான். 1930 பிப்ரவரியில் யென் பாய் படைமுகாமில் வியட்நாமியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். ஜூன் 17 அன்று நுயென் தாய் ஹொக்கும் பன்னிரண்டு தோழர்களும் கில்லட்டினில் கொல்லப்பட்டார்கள். அதே வருஷம் ந்கே ஆன், ஹா தின் விவசாயிகள் சோவியத்துகள் அமைத்தார்கள். இவை எதுவும் படத்துக்குள் வருவதில்லை. மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் அதில் படகு தள்ளுகிறார்கள், கார் ஓட்டுகிறார்கள், தெருவில் இரைச்சலாகிறார்கள்.

சரி, 'அந்நிய மண்ணில் தன்னைக் கண்டடைதல்' என்கிறோமே, இங்கே அந்நியம் எது? த்யூரா 1914இல் சைகோனை ஒட்டிய ஜியா தினில் பிறந்தவர். பிரான்சுதான் அவருக்குத் தூர தேசம். கப்பலில் இரவில் ஷோப்பான் இசை கேட்டு அந்தப் பெண் உடைந்து அழும்போது படம் அவளுடைய காதலைக் 'கண்டுபிடிக்கிறது'. ஆனால் எழுதியவளின் கண்டுபிடிப்பு அத்தனை சீக்கிரம் நடக்கவில்லை. 1937இல் காலனி அமைச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த இதே பெண்தான் 1940இல் இன்னொருவரோடு சேர்ந்து ஃப்ரெஞ்சுப் பேரரசைப் புகழ்ந்து புத்தகம் எழுதினார். பத்து வருஷம் கழித்து அதே பேரரசின் நில ஊழலை எழுதினார். 1960இல் அல்ஜீரியப் போரை எதிர்த்த 121 பேர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அன்னோவோடு முட்டிக்கொண்டபின் 1991இல் அந்தக் காதலையே மறுபடி வேறு நாவலாக எழுதினார். வயதுக்கு வருவது ஒரு கோடைக்கால சமாச்சாரமில்லை. சொன்ன கதையைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதுவது.

1992இல் பிரான்சில் இந்தோசீனா பற்றி மூன்று பெரிய படங்கள் வந்தன: 'காதலன்', 'இந்தோசீன்', 'தியன் பியன் ஃபூ'. 1993 பிப்ரவரியில் மித்தரான் வியட்நாம் போனார். 1986இல் தொடங்கிய தோய் மோய் சீர்திருத்தம் சந்தையைத் திறந்துவிட்டிருந்த நேரம். ஏக்கமும் முதலீடும் ஒரே கப்பலில் வந்திறங்கின என்றுதான் எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் பாவம் என்று தள்ளிவிட்டு நாம் கைகழுவ முடியாது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அந்தச் சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். மேகாங் வயல்கள் அவர்களிடம் அடமானத்துக்குப் போயின. ஃப்ரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் அங்கே அரசு உத்தியோகம் பார்த்தார்கள். நம் ஆட்களும் அந்த ஜன்னலுக்கு உள்பக்கம்தான் நின்றார்கள்.

1993இல் த்ரான் ஆன் ஹுங் 'பச்சைப் பப்பாளியின் வாசம்' எடுத்தார். வேலைக்காரச் சிறுமி மூய் வளர்ந்து காதலிக்கும் கதை. அன்னோ நிஜமான மேகாங்கில் போய்ப் படமெடுத்தார். வியட்நாமில் பிறந்த த்ரானோ தன் சைகோனை பிரான்சில் ஒரு ஸ்டுடியோவுக்குள் கட்டினார். ஓரத்தில் நின்றவள் அங்கே நடுவுக்கு வருகிறாள். அவளும் கடைசியில் எஜமானன் வீட்டுக்குள்தானே போய்ச் சேருகிறாள் என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அந்தப் படகைத் தள்ளியவனின் முதல் காதல் யாரோடு என்று இந்த இரண்டு படங்களுமே நமக்குச் சொல்லவில்லை.