சுரண்டப்பட்ட மலர்

பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தில் முன்பு அதை வைத்திருந்தவரின் பெயரை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். கடைக்காரர் அதற்காக ஒரு ரூபாய் குறைத்துக்கொண்டார். ஜப்பானிய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் அவற்றுக்கு எப்படி விலை வைக்கிறார்கள் என்று படித்தபோது அந்தப் பக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது.

மெய்ஜி ஆட்சியின் 38ஆம் ஆண்டில், அதாவது 1905இல், வந்த துப்பாக்கி 38ஆம் மாதிரி, குழல்விட்டம் 6.5 மில்லிமீட்டர். 1939இல் வந்தது 99ஆம் மாதிரி, 7.7 மில்லிமீட்டர். சேகரிப்பவர்கள் இரண்டையும் அரிசாகா என்றே சொல்கிறார்கள். குழல் வந்து பொருந்தும் எஃகுப் பகுதியின் உச்சியில் 16 இதழ்ச் சாமந்தி ஒன்று பொறித்திருக்கும். துப்பாக்கி சிப்பாயுடையதல்ல, சக்கரவர்த்தியின் உடைமை என்பதற்கான முத்திரை. ராணுவத்திலிருந்து பள்ளிப் பயிற்சிக்குப் போனவற்றில் மலரின் மீது வேறு குறி அடித்து அதை ரத்து செய்தார்கள்.

1945 ஆகஸ்ட் 15 அன்று சக்கரவர்த்தியின் குரல் வானொலியில் ஒலித்தது. செப்டம்பர் 2 அன்று சரணாகதி கையெழுத்தானது. ஜப்பானில் ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் மலர் சாணையாலோ அரத்தாலோ உளியாலோ அழிக்கப்பட்டிருந்தது. மன்னரின் மானம் காக்க ஜப்பானியரே செய்தது என்கிறது ஒரு கட்சி. வென்றவர்களின் ஆணை என்கிறது இன்னொன்று.

இன்று அமெரிக்கச் சந்தையில் மலர் உள்ளதற்கே கூடுதல் விலை. உறுப்புகளின் எண்கள் ஒத்திருந்தால் இன்னும் கூடும். போல்ட்டின் மேல் ஓடும் தகர மூடியைச் சத்தம் எழுப்புகிறதென்று சிப்பாய்கள் கழற்றி எறிந்ததுண்டு. அது தப்பியிருந்தால் மேலும் கூடும். ஊருக்கு எடுத்துச் செல்ல அமெரிக்கச் சிப்பாய்க்குக் கிடைத்த அனுமதிச் சீட்டும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வேட்டைக்காகக் கட்டையை அறுத்தவை, அமெரிக்கத் தோட்டாவுக்காகக் குழலைத் துருவியவை மதிப்பிழந்தவை.

மலர் தப்பியிருப்பதன் பொருள் என்ன? சரணாகதிக்கு முன்பே துப்பாக்கி கைமாறிவிட்டது என்பதுதான், பல வேளைகளில். குவாடல்கனாலிலோ சைபானிலோ ஐவோ ஜிமாவிலோ கைமாறியிருக்கலாம். அங்கெல்லாம் ஜப்பானியரில் சிறைப்பட்டவர்கள் சிலர், மாண்டவர்களே மிகப் பலர். மலர் அழிந்திருந்தால், அதை ஏந்தியவன் அந்த ஆகஸ்ட் வரை உயிரோடு இருந்திருக்கக்கூடும்; வரிசையில் நின்று அதைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்திருக்கக்கூடும். யார் தோளிலும் ஏறாமல் கிடங்கிலேயே கிடந்தவையும் உண்டு. ஆகவே இதை விதியென்று சொல்லமாட்டேன். ஆனால் சந்தை தள்ளுபடி செய்வது பிழைத்தவனின் துப்பாக்கியை என்ற எண்ணத்திலிருந்து என்னால் விடுபட முடியவில்லை.

சேகரிப்பவர்களுக்கு ஊனத்தைப் படிக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. போரின் கடைசி மாதங்களில் செய்த 99ஆம் மாதிரியில் அடிக்கட்டைக்கு இரும்புத் தகடு இல்லை, பலகைத்துண்டுதான். விமானத்தைக் குறிபார்க்க இருந்த மடக்குக் கைகள் இல்லை. குழலுக்குள் குரோமியப் பூச்சும் இல்லை. இன்று இவற்றை மட்டுமே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லாமற்போன ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு நாட்டின் வறுமையைப் படிக்கும் இவர்களுக்கு, அரத்தின் கீறலும் ஒரு வாசகமாகத் தெரியாதது ஏன்? தொழிற்சாலை விட்டுவிட்டது சரித்திரமாம். மனிதன் கையால் அழித்தது சேதமாம்.

விலைக்காகச் சிலர் அழிந்த மலரை மறுபடி வெட்டுகிறார்கள். தேர்ந்த கண் இதைப் பிடித்துவிடும். அரைத்த இடத்தில் உலோகம் தாழ்ந்திருக்கும். இந்தப் போலி மலரைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. மலர் இருந்தது ஓர் உண்மை, அது போனது இன்னோர் உண்மை. மறுபடி வெட்டுகிறவன் இரண்டையும் ஒருசேர அழிக்கிறான்.

என் புத்தகத்தை விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்தேன். காகிதம் மெலிந்த இடத்தில் வெளிச்சம் வந்ததே தவிர, பெயர் தெரியவில்லை. அந்த ஒரு ரூபாயைக் குறைக்காமலே வாங்கியிருக்கலாம்.