மணலெழுத்தும் சட்டாம்பிள்ளையும்

பிள்ளைகள் கல்வியில் சிரத்தை கொள்வதும் பள்ளியென்றால் ஒளிந்துகொள்வதும் பாடத்தின் கடினத்தைவிடப் போதிக்கும் முறையைப் பொறுத்தே அமைகின்றன என்பதற்கு, சென்னைப் பட்டணத்திலிருந்து சீமைக்குச் சென்று அங்கே உருமாறிப்போன ஒரு போதனாமுறையின் சரித்திரம் தக்க சான்றாகும்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் கொடுமையை மறைப்பதற்கில்லை. எல்லோருக்கும் முன்னதாக வந்த பிள்ளைக்கு ‘வேத்தான்’ என்று பெயர் என்றும், அவன் கையைப் பிரம்பு தடவிச் செல்ல, பின்வந்தவர்கள் வந்த வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று என அடி பெறுவார்கள் என்றும் உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் விவரித்திருக்கிறார். விடியுமுன் பிள்ளைகள் ஓடிவந்தது கல்வியின் மீதுள்ள ஆசையினால் என்று யாரும் மயங்கவேண்டா. ஆயினும் அதே பள்ளியில், மணலில் விரலால் எழுதிப் பழகியவன் கை திருந்திய பிறகே ஓலைக்குச் செல்வான். எண்சுவடி முடித்தவன் முடியாதவனுக்காகக் காத்திரான். மூத்தவனான சட்டாம்பிள்ளை முறை சொல்லிக்கொடுக்க, இளையவர்கள் சொல்லித் தேறுவார்கள். அவரவர் கதிக்கேற்ற அப்பியாசம் என்பது அங்கே கொள்கையாகப் பேசப்படவில்லை; வழக்கமாகவே நடந்தது.

1787-இல் சென்னைக்கு வந்த ஸ்காத்லாந்து பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789 முதல் எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நிர்வகித்து வந்தார். ஒருநாள் இவ்வூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றபோது, உதவி ஆசிரியர்கள் இது நடவாத காரியம் என்று கைவிரித்துவிட்டனர். பெல் அவர்களோடு வாதாடவில்லை. அரிச்சுவடி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் ஆகாதென்றதை அச்சிறுவன் செய்துகாட்டினான். குற்றம் செய்தவனைப் பிரம்பால் தண்டிப்பதற்குப் பதிலாக, கறுப்புப் புத்தகம் என்ற ஏட்டில் அவன் பெயரைக் குறித்து, சக மாணவர்களின் பஞ்சாயத்தில் விசாரிக்கும் ஏற்பாட்டையும் பெல் செய்தார். இதுவே அம்முறையின் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம். பிள்ளை அடிக்கு அஞ்சாமல் தோழர்களின் மதிப்புக்கு அஞ்சினான்.

1797-இல் பெல் தம் பரிசோதனையை லண்டனில் நூலாக்கினார். அடுத்த ஆண்டே ஜோசப் லாங்காஸ்டர் என்பவர், லண்டனின் பரோ சாலையில் இத்தகைய பள்ளியைத் தொடங்கி, ஓர் ஆசிரியரே ஆயிரம் பிள்ளைகளை ஆளலாமென்று பறைசாற்றினார். பிரம்பை அவரும் விலக்கினார். ஆனால் குறும்பு செய்தவனைக் கூடையிலிட்டு உத்தரத்தில் தொங்கவிட்டு மற்றவர்கள் நகைக்கச் செய்தார். நூற்றுக்கணக்கானோர் வரிசையாக அமர்ந்து கட்டளைக்கேற்பப் பலகையை உயர்த்திக் காட்டும் அக்கூடங்களில், மலிவு நிலைத்தது. மூத்தவன் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்கும் அணுக்கம் போயிற்று.

இதற்கிடையே சென்னையில் கவர்னர் மன்றோ நடத்திய பள்ளி விசாரணைக்குப் பல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில், பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிக்கனத்தை மெச்சியதோடு, பொருளறியாமல் செய்யுட்களை உருப்போடும் குறையையும் கண்டித்தார். அந்த விசாரணையின் முடிவாக, 1826-இல் மன்றோ சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கர்களும் உள்ளதாகக் கணக்குக் கொடுத்தார். இங்கிலாந்திலோ 1862-இன் திருத்திய விதித்தொகுப்பு, ஒவ்வொரு பிள்ளையும் படிப்பு, எழுத்து, கணக்கில் இன்ஸ்பெக்டர் முன் தேறுவதைப் பொறுத்தே பள்ளி மானியத்தின் பெரும்பகுதி என்று விதித்தது. இன்ஸ்பெக்டராயிருந்த மாத்யூ ஆர்னால்டே அதைக் கடுமையாக எதிர்த்தார். பரீட்சைப்படி மானியம் தரும் அந்த விதி பிறகு சென்னைக்கும் வந்தது. உருப்போடுதலுக்கு ராஜாங்க முத்திரையும் கிடைத்தது.

அவரவர் கதிக்கேற்ற அந்தப் பழைய அப்பியாசம் பின்னர் வேறு வடிவில் திரும்பியது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைக் கொண்டு தொடங்கப்பெற்ற செயல்வழிக் கற்றலில், சுவரோரமாகத் தாழ்வாயமைந்த கரும்பலகையில் பிள்ளை தானே எழுதினான். ஏணிப்படிகளாக வகுத்த அட்டைகளைத் தன் கதிக்கேற்ப எடுத்தான். நாலு நாள் வராதவன் விட்ட அட்டையிலேயே தொடர்ந்தான். முப்பது பேர் இருக்குமிடத்தில் இது நடக்கும். அறுபது பேரை ஓர் அறையில் அடைத்து அட்டைகளை மட்டும் அனுப்பிவைத்தால், ஆசிரியர் பதிவேட்டைப் பூர்த்தி செய்வதோடு நின்றுவிடுவார்.