பெரிய கோயில் நிழலும் ஒரு மூன்றடிக் குச்சியும்



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி அந்தப் பழைய செய்தியை மறுபடியும் போட்டிருந்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது, தமிழனின் அதிசயம், பகிருங்கள் என்று. கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார்: "இதை எனக்கு முதலில் சொன்னது நம்ம சார்தான்." அதற்கு முப்பது கைகூப்பல்கள். அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி சொன்னது உண்மை. சொன்னவன் நான்தான். பதினான்கு வருடம், வகுப்பு வகுப்பாகச் சொன்னேன். நான் சொன்னது தப்பு.

1994 ஏப்ரல். ஐந்தாம் வகுப்பு. முழுப் பரீட்சை முடிந்துவிட்டது, ஆனால் மாதக் கடைசி வரை பள்ளி உண்டு. அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாடம் கிடையாது, பிள்ளைகள் வேப்பமரத்தடியில் கத்திக்கொண்டிருப்பார்கள், நாங்கள் விடைத்தாள் கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். அந்த வருடம் ஏதாவது கையால் செய்ய வைக்கலாம் என்று தோன்றி, மைதானத்தில் மூன்றடிக் குச்சி ஒன்றை நட்டோம். கொத்தனார் மகள் ஒருத்தி வீட்டிலிருந்து அப்பாவின் தூக்குக்குண்டை எடுத்துவந்து குச்சி நேராக நிற்கிறதா என்று பார்த்துக் கொடுத்தாள். தினமும் மணிக்கொரு தடவை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். நோட்டில் அங்குலக் கணக்கு எழுத வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாள் உச்சி வேளையில் நிழல் வடக்கே ஒன்றரை அங்குலம் இருந்தது. நாளுக்கு நாள் குறைந்தது. 18-ம் தேதி திங்கட்கிழமை, பன்னிரண்டே கால் மணிக்குக் கொஞ்சம் முன்னால், நிழலே இல்லை. குச்சி நட்டது நட்டபடி நிற்கிறது, நிழலைக் காணோம்! பிள்ளைகள் குதித்த குதியை இன்னும் மறக்கவில்லை. நான் பெருமையாகச் சொன்னேன்: "பாத்தீங்களா, நம்ம பெரிய கோயில் மாதிரியே!"

கொத்தனார் மகள் எழுந்தாள். "சார், குச்சிக்குக் காலையில நெழல் இருந்துச்சே. அப்ப கோயிலுக்கும் காலையில இருக்கும்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "அதிகப்பிரசங்கி, உக்காரு. ராஜராஜன் கட்டினதும் உங்கப்பா கட்டுறதும் ஒண்ணா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு கூழாங்கல் வைக்க அவள் வரவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறேன்! ஒருநாளாவது தரையைப் பார்த்திருக்கிறேனா? அண்ணாந்து பார்த்ததோடு சரி.

அந்தச் சனிக்கிழமை பதினோரு பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன். அவள் வீட்டுக்கு நானே போய் அவள் அப்பாவிடம் கேட்டு அழைத்து வந்தேன். பத்தரை மணிக்குக் கொஞ்சம் முன்பு விமானத்துக்குப் பின்புறம், மேற்குப் பிராகாரத்தில் நின்றோம். நிழல் விழுந்திருந்தது. சந்தேகமே இல்லாமல், கலசத்தோடு, கன்னங்கரேலென்று தரையில் கிடந்தது. அவள் ஓடிப்போய் அதன் நுனியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது கையிலிருந்த மூன்றடிக் குச்சிக்கு ஒன்றரை அடி நிழல். அதாவது உயரத்தில் பாதி. அப்படியானால் கோபுர நிழலை அளந்து இரண்டால் பெருக்கினால் உயரம் வந்துவிடும் அல்லவா? பிள்ளைகள் சுவரோரத்திலிருந்து நிழல் நுனி வரை கயிறு பிடித்து அளந்தார்கள். 54 அடி. அப்படிப் பார்த்தால் கோயில் 108 அடிதானா? எங்கேயோ உதைக்கிறதே என்று விழித்தோம். கலசம் நிற்பது சுவர் மேல் இல்லை, நடுவில். நிழலை நடுவிலிருந்து அல்லவா அளக்க வேண்டும்! அடித்தளத்தின் ஒரு பக்கம் சுமார் நூறடி. அதில் பாதியைச் சேர்த்தால் 104, இரண்டால் பெருக்கினால் 208. புத்தகங்களில் 216 அடி என்று இருக்கிறது. கயிற்றை வைத்து அளந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டடி பிசகு பெரிய தப்பில்லை.

இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன் கிரேக்க தேசத்துத் தேல்ஸ் என்பவர் எகிப்தின் பிரமிடை இதே வழியில் அளந்தார் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. தன் நிழல் தன் உயரத்துக்குச் சமமாகும் நேரம் வரை காத்திருந்து அளந்தாராம். அவருக்கும் இந்த அரை அடித்தளத் தொல்லை இருந்திருக்கும். பிற்பாடு எரட்டோஸ்தனிஸ், சையீன் என்ற ஊரில் நிழல் விழாத நாளில் அலெக்சாந்திரியாவில் விழுந்த நிழலின் கோணத்தைப் பார்த்தார். வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தது. அதை வைத்து பூமியின் சுற்றளவையே கணக்கிட்டார்.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடம் ஒன்று வரும். நூல் கற்றவர்கள் உச்சி வேளையில் கோல் நட்டு, நிழலைப் பார்த்துத் திசை குறிக்கிறார்கள். அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் சித்திரை மாதத்து நடுப் பத்து நாட்களைச் சொல்கிறார். நம் முழுப் பரீட்சை முடியும் காலம்தான்! சிற்ப நூல்களிலும் கோயில் கட்டுமுன் சங்கு என்னும் கோலை நட்டு, சுற்றிலும் வட்டம் போட்டு, காலையிலும் மாலையிலும் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இரண்டு புள்ளிகளைச் சேர்த்துக் கிழக்கு மேற்கு காணும் முறை இருக்கிறது. நிழலை இப்படி அளந்து வேலை தொடங்கியவர்களின் கட்டடத்துக்கு நிழலே கிடையாது என்று நாம் பெருமை பேசுகிறோம். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பொய் எங்கிருந்து வந்தது என்றும் பிள்ளைகளோடு யோசித்தோம். விமானம் மேலே போகப் போகக் குறுகுகிறது. அதனால் மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, சரியான உச்சி வேளையில், கலசத்தின் நிழல் அடித்தளத்தைத் தாண்டி வெளியே வராது. அந்த நேரத்தில் பார்த்த யாரோ சொல்லியிருப்பார்கள். டிசம்பரில் அதே உச்சி வேளையில் போய் வடக்குப் பக்கம் பாருங்கள், நன்றாகவே வெளியே கிடக்கும்.

அளவை என்றதும் இன்னொன்று. 1802 ஏப்ரல் 10 அன்று லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் எவரெஸ்ட் உயரம் வரை கொண்டுபோன மாபெரும் நில அளவை அதுதான். 1808-ல் அவர் தஞ்சைக்கு வந்தபோது அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. ஆறு வாரம் கூடாரத்தில் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே தட்டிச் சரிசெய்தாராம். இந்தக் கதையைக் கோயில் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டபடியே சொன்னேன். பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விடக் கயிறு அறுந்ததுதான் பிடித்தது.

திங்கட்கிழமை வகுப்பில், "கோயில் நிழல் விழுது, பாத்தோம்ல" என்றேன். "நான் சொன்னது தப்பு" என்று சொல்லவில்லை. அந்த மூன்று வார்த்தை வாயில் வரவில்லை. அடுத்த வருடத்திலிருந்து அந்தக் கதையை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் படித்துவிட்டுப் போன பதினான்கு வகுப்புப் பிள்ளைகளிடம் யார் சொல்வது? நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். அந்தத் தம்பி மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவர் ஆசிரியர் சொன்னதை நம்பினார்.

ஏப்ரல் வருகிறது. கன்னியாகுமரிப் பக்கம் இருப்பவர்களுக்கு 10-ம் தேதி வாக்கில், தஞ்சைக்கு 18, சென்னைக்கு 24. ஒரு நாள் முன்பின் இருக்கலாம். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள் இன்னொரு தடவை வரும். பேரன் பேத்திகளோடு மொட்டைமாடியில் ஒரு குச்சியை நட்டு நிறுத்துங்கள், தூக்குக்குண்டு இல்லாவிட்டால் நூலில் கல் கட்டினால் போதும். காலை பத்து மணியிலிருந்தே பார்க்கச் சொல்லுங்கள், உச்சியில் மட்டும் போதாது. படம் எடுத்துக் குழுவில் போடுங்கள்.

அந்தக் கொத்தனார் மகள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஐந்தாவதோடு அவர்கள் குடும்பம் வேலை தேடித் திருப்பூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி. அவளோடு படித்த யாருக்காவது தொடர்பு இருந்தால் இதைக் காட்டுங்கள். அம்மா, நீ கேட்டது சரி. அன்றைக்கு வகுப்பில் உன்னைச் சிரிக்க வைத்தது என் தப்பு. உன் அப்பாவை இழுத்துப் பேசியது அதைவிடப் பெரிய தப்பு.